'கலப்பில்லாமல்' என்ற ஒரு சொல்: எங்கள் ஊர் மலர்க்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயிலின் கும்பாபிஷேக மலர்க்குழுவில் இருக்கும் அண்ணன்மார், தம்பிமார், ஆச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

மலரின் முதல் கட்டுரையை மெய்ப்புப் பார்த்துத் தரச் சொல்லியிருந்தீர்கள். எழுத்துப்பிழை அதிகம் இல்லை. இரண்டு இடத்தில் 'ர'வும் 'ற'வும் இடம் மாறியிருந்தன, திருத்திவிட்டேன். மூன்றாவது வரியில்தான் பேனா நின்றுவிட்டது. "ஆதிகாலம் தொட்டு ஒரே இரத்தமாக, கலப்பில்லாமல், தனி நாடாக வாழ்ந்த நாம்" என்று போகிறது அந்த வரி. குழுவிடம் மட்டும் சொன்னால் "சரி, பார்ப்போம்" என்று பட்டாலைத் திண்ணையில் போட்டுவிடுவீர்கள். அதனால்தான் ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் 'கலப்பில்லாமல்'. நம் வீட்டுக் கதை நமக்கே மறந்துவிட்டதா? காவிரிப்பூம்பட்டினத்தில் மன்னனின் கொடுமை பொறுக்காமல் கூட்டத்தோடு உயிரை விட்டோம், குருவிடம் படித்துக்கொண்டிருந்த 1502 ஆண்பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள், அவர்கள் வேளாளர் வீட்டுப் பெண்களைக் கட்டினார்கள், அந்த வழி வந்தவர்கள்தான் பாண்டிய நாட்டுக்கு வந்து இளையாற்றங்குடியில் கோயில் கொண்டார்கள். எத்தனை அப்பத்தாமார் சொல்லிக் கேட்ட கதை இது! நடந்ததா, புனைந்ததா என்பது வேறு வழக்கு. ஆனால் நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில், நம் முதல் ஆத்தாமார் அத்தனை பேரும் வேறு வீட்டில் பிறந்தவர்கள்.

'தனி நாடு' இதைவிட வேடிக்கை. நம் ஊர்களில் பாதி சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களில் கிடந்தன, மீதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில். செட்டிநாட்டு ராஜா என்ற பட்டமே 1929-இல் வெள்ளைக்கார அரசு கொடுத்தது. செட்டிநாடு என்ற பெயரில் ரயில் நிலையம் உண்டு, ஊருக்கு ஊர் மெஸ் உண்டு, எல்லைக்கல் மட்டும் என்றைக்கும் இருந்ததில்லை.

அப்படியானால் 'நாம்' எங்கிருந்து வந்தது? கணக்கிலிருந்து வந்தது என்பேன். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. பிறந்த பிள்ளைக்குக் கணக்கில் இடமில்லை. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்து, பெயர் பதிவாகி, வரி கட்டத் தொடங்கிய பிறகுதான் ஒருவன் 'நம்மில்' ஒருவன். துணையை இழந்தால் அரைப்புள்ளி. ஒன்பது கோயில், ஒவ்வொன்றிலும் ஒரு பதிவேடு. சர்க்கார் குடிக்கணக்கு எடுக்க வருவதற்கு வெகுகாலம் முன்பே தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்ட கூட்டம் நாம். அந்தப் பெருமையை எழுதுங்கள், ஒரு சொல்லையும் வெட்டமாட்டேன்.

போன முறை எங்கள் வீட்டுப் படைப்புக்கு, அதாவது பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் நாளுக்கு, வளவு என்கிற உள்முற்றம் நிறைய ஆட்கள். எனக்கு எதிர் இலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பையன். தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. கவுனி அரிசியைக் காட்டி இது என்ன என்று கேட்டான். பர்மாவிலிருந்து வந்த அரிசி என்றேன், சிரித்தான். அவன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அவன் எனக்குப் பங்காளி, அவன் வீட்டில் சாவு விழுந்தால் எனக்குத் தீட்டு. பக்கத்துத் தெருவில் நாற்பது வருடமாகப் பால் ஊற்றுகிறவர் வீட்டில் விழுந்தால் இல்லை. முகம் தெரியாதவனை உறவாகவும் முகம் தெரிந்தவரை வெளியாளாகவும் நினைக்க வைப்பது ரத்தம் என்று கட்டுரை சொல்கிறது. எனக்கென்னவோ அந்தப் பதிவேடுதான் என்று படுகிறது.

தேசங்களைப் பற்றி பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற அறிஞர் 1983-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். ஒருவரையொருவர் ஒருநாளும் பார்க்கப்போகாத ஆட்கள், ஒரே செய்தித்தாளை ஒரே காலையில் விரிக்கும்போது 'நாம்' ஆகிவிடுகிறார்கள் என்றார். நம் பக்கமும் அது நடந்தது. 1920-களில் காரைக்குடியிலிருந்து 'தனவைசிய ஊழியன்' என்று ஒரு பத்திரிகை வந்தது. பிற்பாடு முன்னால் இருந்த சாதிப் பெயர் உதிர்ந்து, வெறும் 'ஊழியன்' ஆயிற்று. அதற்குச் சற்று முன்பு, 1919-இல், பாரதி இதே காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தைப் பாடிவிட்டுப் போயிருந்தார். ஒரே ஊர், ஒரே பத்து வருடம். அதற்குள் சாதி, மதம், தேசம் என்று 'நாம்' எத்தனை சட்டை மாற்றியிருக்கிறது பாருங்கள்.

இப்படி நினைப்பில் உருவாகிற 'நாம்' ஒரு கற்பிதம். கற்பிதம் என்றால் பொய் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காரைக்குடி கம்பன் மணிமண்டபத்தில் தமிழ்த்தாய்க்குக் கோயிலே இருக்கிறது, 1993-இல் திறந்தது. பேசுகிற மொழிக்கு முகமும் கையும் வைத்துச் சிலை செய்தது மனிதர்கள்தான் என்று எனக்குத் தெரியும். உள்ளே போனால் செருப்பைக் கழற்றாமல் இருக்க முடிகிறதா?

இனி பர்மா. கட்டுரையில் அதற்கு ஒரே வரி: "கடல் கடந்து கொடி நாட்டினோம், நன்றி கெட்டவர்களால் துரத்தப்பட்டோம்." இந்த வரிக்குத்தான் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை.

என் ஐயா மூன்று வருடக் கணக்குக்கு, வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளாக), கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, பர்மா போனவர். இங்கே அவருக்குக் கோயில் உண்டு, ஊர் உண்டு, விலாசம் உண்டு. ரங்கூனில் கப்பலை விட்டு இறங்கியதும் வெறும் 'கலா' ஆகிவிட்டாராம். இந்தியாவிலிருந்து போன செட்டியார், தெலுங்குத் துறைமுகக் கூலி, வங்காளி எல்லோருக்கும் அங்கே அந்த ஒரே பெயர். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளிகளுக்கும் பர்மியருக்கும் வேலை விஷயமாகக் கலவரம் மூண்டது. அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் 'தொபாமா' இயக்கம், 'நாம் பர்மியர்' என்று பொருள். அவர்களுடைய 'நாம்' அப்படிப் பிறந்தது.

அதே வருடங்களில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய குடியானவனால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த வயல் நம் வட்டிக்கடைக்கு வந்தது. நமக்கு வேண்டியது பணம்தான், வயல் இல்லை, அதுவும் உண்மை. ஆனால் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 ஏக்கர் செட்டியார் கையில் இருந்தது, 1937-இல் 25 ஏக்கர். நாலில் ஒரு பங்கு! நம் ஊர்க் கண்மாய்ப் பாசனத்தில் நாலில் ஒரு பங்கை ஏழே வருடத்தில் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் எழுதி வாங்கினால் நாம் என்ன பேசியிருப்போம்? 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், பிறகு நிலங்கள் அரசுடைமை, 1964 வாக்கில் மிச்சமிருந்தவர்களும் கையை வீசிக்கொண்டு கப்பலேறினார்கள். அந்த வேதனை எங்கள் வீட்டிலும் உண்டு. காரைக்குடி பர்மா காலனிப் பக்கம் போய் வயதானவர்களிடம் கேளுங்கள், வட்டிக்கடையையே கண்டிராத எத்தனை ஏழைகள் நம் கணக்குக்கும் சேர்த்து அடிபட்டார்கள் என்று.

ஒரு தேசம் ஆவதற்கு மறதியும் வேண்டும் என்று 1882-இல் பாரிசில் பேசினார் ரெனான் என்ற பிரெஞ்சு அறிஞர். மலரில் நாம் எதை மறக்கிறோம் என்பதைக் குழு தெரிந்தே தீர்மானிக்கட்டும், அவசரத்தில் வேண்டாம்.

கடைசியாக, வீடு கட்டிய பக்கம். "நாம் எழுப்பிய மாளிகைகள்" என்று தலைப்பு. எங்கள் வீடு கட்டிய செலவு நோட்டு ஒன்று என் பெட்டகத்தில் இருக்கிறது. தேக்கு இத்தனை, சுண்ணாம்பு இத்தனை, கடுக்காய், முட்டை என்று எல்லாம் நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள். பணம் போட்ட பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் பெயர், விலாசம் உண்டு. வேலை செய்தவர்கள் வரும்போது மட்டும் "ஆசாரி 4 ஆள்", "கொத்தன் 6 ஆள்", "சிற்றாள் 11". ஒரு இடத்தில் மட்டும், முகப்புக் கதவு வேலை முடிந்த அன்று, ஓரத்தில் வேறு மையில் ஒரு ஆசாரியின் பெயரும் "வேட்டி 1" என்றும் எழுதியிருக்கிறது. அந்தக் கதவை நீங்கள்தான் மலரின் அட்டைப்படத்துக்கு எடுத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது வரியை அடித்துத்தான் மெய்ப்பை அனுப்புகிறேன். பர்மா வரிக்குப் பதிலாக ஒரு பக்கம் நானே எழுதித் தருகிறேன், நீளம் போதாது என்றால் என் போட்டோவை எடுத்துவிடுங்கள். அட்டைப்படத்துக்குக் கீழே அந்த ஆசாரி பெயர் வர வேண்டும். நோட்டைப் படம் எடுக்க யாராவது தம்பியை அனுப்புங்கள். தாள் தொட்டாலே உதிர்கிறது, நிதானமான ஆளாக இருக்கட்டும். வெயில் தாழ வரச் சொல்லுங்கள், மூன்று மணி வரை நான் தூங்குவேன்.