நாரி நோவும் அடியில இருக்கிற சதையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல நாரி நோவு, அதான் கீழ் முதுகு வலி, பற்றி வந்த கட்டுரையை வாசிச்சன், எல்லாம் சரி, ஆனா படுத்து ஓய்வெடுங்கோ எண்டதோட முடிச்சிட்டீங்கள். அதுதான் இதை எழுதுறன்.

நான் உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறவன். மாரி முடிஞ்சு வலை போட்ட முதல் கிழமையே நாரி பிடிச்சிட்டுது, மூண்டு கிழமை பாயில கிடந்தன், நோ போயிட்டுது எண்டு திரும்ப இறங்கினா ரெண்டு நாள்ல அதே இடம் அதே பக்கம், இப்பிடி மூண்டு தரம்.

கடைசியா ஒரு பிசியோதெரபி பிள்ளைதான் படம் கீறிக் காட்டினது. வெளியில தெரியிற பெரிய சதையெல்லாம் தோளையும் கையையும் ஆட்டத்தானாம். முள்ளந்தண்டை நிமித்திறது அதுக்குக் கீழ இருக்கிற எரெக்டர் ஸ்பைனே, இடுப்பில இருந்து மேல ஓடுற மூண்டு நீட்டுச் சதை. அதுக்கும் அடியில எலும்போட ஒட்டினபடி மல்டிபிடஸ் எண்ட சதை, ஒவ்வொரு இழையும் ரெண்டு மூண்டு எலும்பை மட்டும் தாண்டி மேல இருக்கிற எலும்பின்ர முள்ளைப் பிடிக்குது, நாரியிலதான் அது நல்ல மொத்தம். எனக்கு உடன வலைதான் ஞாபகம் வந்தது, எரெக்டர் நாங்கள் இழுக்கிற கயிறு, மல்டிபிடஸ் கண்ணுக்குக் கண் போட்ட முடிச்சு. முடிச்சு இளகினா கயிறு எவ்வளவு மொத்தமா இருந்து என்ன?

விசயம் என்னெண்டா நாரி நொந்தா அந்தப் பக்க மல்டிபிடஸ் கெதியா மெலிஞ்சிடும், நோ மாறினாப் பிறகும் தானா ஊறி வராது, சும்மா படுத்துக் கிடந்தா இன்னும் மோசம். இன்னொண்டு, முழுசா குனிஞ்சு தொங்கேக்க எரெக்டர் வேலையை விட்டிடுமாம், பாரமெல்லாம் எலும்பைக் கட்டியிருக்கிற நார்களில போய் விழும். நாங்கள் மீன் பெட்டி தூக்கிறது அப்பிடித்தானே!

அந்தப் பிள்ளை தந்த பயிற்சி லேசு. தவழுற மாதிரி நிண்டு ஒரு கையையும் மற்றப் பக்கக் காலையும் நீட்டி, நடு அசையாமப் பிடிக்கிறது. பார்த்து மனுசி சிரிச்சவ, பரவாயில்லை. கால் விறைச்சாலோ சலம் போறதில மாற்றம் தெரிஞ்சாலோ பயிற்சி கியிற்சி எண்டு நிக்காம நேர ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவ, அதையும் கட்டாயம் போடுங்கோ.

ஒரு பிசியோதெரபிஸ்டிட்ட கேட்டு படத்தோட அரைப் பக்கம் போட்டா நல்லம், அடுத்த வலை இறக்க முன்னம் வந்தா வாடியில ஒட்டி வைப்பன்.

இப்படிக்கு,
கரைவலைக்காரன் ஒருவன்,
திருகோணமலை