தகர வில்லையைக் கொடுத்த பாட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

1990இல் வக்கீலாகக் கறுப்பு அங்கி போட்டேன். 35 வருடம் முடிந்து, போன மாதம் தொழிலை நிறுத்திவிட்டேன். பிரிவு விழாவில் மைக்கைக் கொடுத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது, இரண்டு வரிக்கு மேல் பேச முடியவில்லை. அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

சர்வதேசச் சட்டம் என்றதும் பலரும் சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரத்தைத்தான் நினைப்பார்கள். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. எனக்கு அது இலங்கை அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமில், கும்மிடிப்பூண்டியில், திருச்சி கொட்டப்பட்டில் இருந்தது. ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் வளர்ந்து, இரண்டுமே 'எங்கள் ஆள் இல்லை' என்று சொன்ன மனிதர்கள்தான் என் கட்சிக்காரர்கள்.

முதல் நன்றி என் சீனியருக்கு. அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 'அப்புறம் எதை வைத்து வாதாடுவது சார்?' என்று கேட்டேன். அரசியலமைப்புச் சட்டத்தைத் திறந்து 21ஆம் பிரிவில் ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். அங்கே 'குடிமகன்' என்று இல்லை, 'நபர்' என்றுதான் இருக்கிறது. 1996இல், அகதிகளாக வந்த சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: குடிமக்கள் அல்லாதவர்களின் உயிரையும் அரசு காக்க வேண்டும். மறுவருடம், பணியிடப் பாலியல் தொல்லை குறித்த விசாகா தீர்ப்பு வந்தது. உள்நாட்டுச் சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் சர்வதேச ஒப்பந்தங்களைத் துணைக்கு அழைக்கலாம் என்ற வழி அதில் தெளிவானது. அதன் பிறகு இந்த இரண்டு தீர்ப்பும் இல்லாமல் நான் ஒரு மனுகூட எழுதியதில்லை.

அப்புறம், அந்தத் தகர வில்லைப் பாட்டிக்கும் அவருடைய வீட்டுக்காரருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2006இல் பாட்டி என் அலுவலகத்துக்கு வந்தார். பேரன் மண்டபம் முகாமில் பிறந்தவன், பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. பாலிதீன் பையைப் பிரித்து மேசை மேல் ஒவ்வொன்றாக வைத்தார். 1960களின் கடைசியில் கணவர் கண்டியில் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்ட ரசீது, நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964 அக்டோபரில் செய்த ஒப்பந்தத்தின்படி, இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் சேர்வதற்கான மனு. பதில் வருவதற்குள் தமிழர்களுக்கு எதிரான 1977 கலவரம் வந்து, ஹட்டன் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனார்கள். 1984இல் படகேறி ராமேஸ்வரம்.

கடைசியாக ஒரு சின்னத் தகர வில்லையை எடுத்து வைத்தார். ஓட்டை போட்டு, எண் குத்தியது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப்போன காலத்தில் பாட்டியுடைய அப்பாவின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டது. அந்த அப்பாவும் இதே மண்டபம் முகாமில் நாள்கணக்கில் காத்திருந்துதான் கப்பலேறினாராம். அன்று அது தோட்டத் தொழிலாளர்களை நோய்க்குச் சோதித்து அனுப்பும் இடம்.

'வக்கீலம்மா, இதுக்கெல்லாம் ஒரு ரசீது எழுதிக் குடுங்க' என்றார் பாட்டி. எழுதிக் கொடுத்தேன்.

அந்த வழக்கில் நான் தவறு செய்தேன். முகாம் அட்டையில் உத்தேசமாகப் போட்டிருந்த வயதை வைத்து, பேரன் 1987 கடைசியில் பிறந்ததாக எழுதிவிட்டேன். குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன். அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மனு தள்ளுபடியானது. அந்தப் பையனின் இரண்டு வருடம் என் அவசரத்தால் போயிற்று. என்னை மாற்றிவிட்டு வேறு வக்கீலிடம் போயிருக்கலாம், போகவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

எங்களைக் காப்பாற்றியவர் ஓர் அரசு மருத்துவமனைப் பதிவறை ஊழியர். மூன்று நாள் தூசியில் உட்கார்ந்து 1985ஆம் வருடப் பிரசவப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. ஆனால் தாயின் பெயரும் முகாம் முகவரியும் தெளிவாக இருந்தன. டீ வாங்கித் தரக்கூட விடவில்லை. ஐயா, நீங்கள் இதைப் படித்தால், 2010இல் உத்தரவு வந்த அன்று முதலில் உங்களைத்தான் நினைத்தேன் என்று அறியவும்.

எங்கள் டைப்பிஸ்ட் அக்காவை விட்டுவிட முடியாது. 'படித்துக் காட்டி விளக்கப்பட்டது' என்று ஒவ்வொரு பிரமாணப் பத்திரத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும். பல இடங்களில் அது வெறும் வரி. அக்கா நிஜமாகவே உட்கார்ந்து, ஆங்கிலத்தில் அடித்ததை வரி வரியாகத் தமிழில் சொல்லி, 'சரியா தம்பி? ஏதாவது மாத்தணுமா?' என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்குவார். எத்தனை பிழைகள் அந்தக் கேள்வியில் அகப்பட்டன!

முகாம்களில் கணக்கெடுக்கும் நாளில் ஆள் இல்லையென்றால் அரசு தரும் உதவிப் பணம் நின்றுவிடும். அது தெரிந்து வாய்தாத் தேதியை மாற்றிக் கேட்டபோதெல்லாம் எதிர்க்காமல் நின்ற அரசு வழக்கறிஞர்களுக்கும் நன்றி. 2004இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தபோது குடும்பத்தோடு சென்னையை விட்டுக் கிளம்பச் சம்மதித்த என் கணவருக்கும், கோடை விடுமுறைகளை மண்டபத்தில் கழித்த என் மகளுக்கும்.

வேலை முடியவில்லை. முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இன்னும் குடியுரிமை கேட்டு நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்று உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு சொல்லி 1948 டிசம்பரிலிருந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது! என் கோப்புகளை ஜூனியர்கள் இருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இருவருமே என்னைவிடக் கவனமானவர்கள், பிறந்த தேதியை மூன்று முறை பார்ப்பவர்கள்.

பாட்டி இப்போது இல்லை. தகர வில்லையைப் பேரனிடம் ஒப்படைத்துவிட்டேன். இன்னும் சிலருடைய அசல் தாள்கள் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் எழுதிக் கொடுத்த ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, உங்கள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.