அத்திவாரம் என்றால் நல்லதுதானே?

பிரித்தானியாவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் அதிபர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வடமேற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியில் 14 ஆண்டுகளாக வகுப்பறை உதவியாளராக வேலை செய்கிறேன். என் பிள்ளைகள் இருவரையும் சனிக்கிழமைகளில் உங்களைப் போன்ற ஒரு தமிழ்ப் பள்ளிக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். மூத்தவள் இப்போது பல்கலைக்கழகத்தில். சின்னவனை வகுப்பில் விட்டுவிட்டு, சாப்பாட்டு மண்டபத்து மூலையில் பற்றீசும் தேநீருமாக இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருப்போரில் நானும் ஒருத்தி. காத்திருக்கிறேன் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். இருந்து ஐந்து நிமிடத்தில் யாராவது போனை நீட்டுவார்கள்: “அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

ஒரு கார்த்திகை மாதம். வன்னியிலிருந்து வந்த அண்ணை ஒருவர். 2009க்குப் பிறகு தடுப்பு முகாமில் இருந்தவர். மகன் இயர் செவன், செகண்டரி பள்ளியின் முதல் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் போனே தமிழாக்கிக் கொடுத்திருந்தது: ‘உங்கள் மகன் நாளை தடுத்து வைக்கப்படுவார்.’ ஆளின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. “தங்கச்சி, எத்தினை நாளைக்கு வைச்சிருப்பினம்? நான் லோயரோட கதைக்கவோ?” வீட்டுப்பாடம் செய்யாததற்கு டிடென்ஷன், பள்ளி முடிந்து நாற்பது நிமிடம் வகுப்பில் இருத்தி வைப்பார்கள், அவ்வளவுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்தத் தமிழாக்கத்தில் அகராதிப்படி ஒரு பிழையும் இல்லை. எங்களுடைய பிரச்சினையே அதுதான். சொல்லுக்குச் சொல் தெரிகிறது. அந்தச் சொல் வந்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய இடம், கிழமைக்கு ஒரு முறை எங்கள் பெற்றோர் நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் வந்து இருக்கும் உங்கள் மண்டபம். ஆத்திசூடிக்கும் மிருதங்கத்துக்கும் நேரம் ஒதுக்குகிறீர்கள், சந்தோசம். பெற்றோருக்கென்று தவணைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் இங்கே தடுமாறுவது தெரியாத சொற்களில் அல்ல. தெரிந்த சொற்களில்தான். ஓ லெவலும் ஏ லெவலும் இலங்கையில் படித்த எல்லோருக்கும் தண்ணீர்பட்ட பாடு. வெள்ளைக்காரன் தந்த சோதனைதானே, எங்களுக்குத் தெரியாததா என்ற நினைப்பு. ஆனால் 1951இல் தொடங்கிய ஓ லெவலை இங்கிலாந்து தன் பள்ளிகளில் எப்போதோ கைவிட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஜிசிஎஸ்இ சோதனை 1988இல் முதன்முதலாக நடந்தது. தந்தவர்கள் மாற்றிவிட்டார்கள், நாங்கள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். புள்ளி போடும் முறையும் 2017இலிருந்து எழுத்தை விட்டு இலக்கத்துக்குப் போய்விட்டது. 9 தான் உச்சம், 1 அடி. ஊரில் ‘9ஏ எடுத்த பிள்ளை’ என்றால் ஒன்பது பாடத்திலும் ஏ. இங்கே ‘மட்ஸில் 9’ என்றால் கணக்கு என்ற ஒரே பாடத்தில் அதி உயர்ந்த புள்ளி. 4 எடுத்தால் சாதாரணச் சித்தி, 5 எடுத்தால் உறுதியான சித்தி. இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்துப் பெற்றோரைக் குழப்புவதில் இந்த நாட்டுக்கு என்ன சந்தோசமோ.

இங்கேதான் என் மனதை விட்டுப் போகாத கதை வருகிறது. அதே அண்ணைதான். மகன் இப்போது இயர் லெவன், ஜிசிஎஸ்இ எழுதும் வருடம். மட்ஸில் அவனை ஃபவுண்டேஷன் டியரில் இருத்தப்போவதாகக் கடிதம். அவர் கேட்டார்: “ஃபவுண்டேஷன் எண்டால் அத்திவாரம்தானே? அது நல்லதுதானே?”

அத்திவாரம்தான். ஆனால் அந்த வினாத்தாளில் எல்லாக் கணக்கையும் சரியாகச் செய்தாலும் 5க்கு மேல் கிடைக்காது. 6 முதல் 9 வரை வேண்டுமென்றால் ஹையர் டியர் வினாத்தாள் எழுத வேண்டும். ஏ லெவலில் மட்ஸ் எடுக்க அநேக பள்ளிகள் 6 அல்லது 7 கேட்கும். ஆகவே ஃபவுண்டேஷன் என்ற சொல்லோடு ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது. அது பிள்ளைக்குச் சரியான முடிவாகவும் இருக்கலாம்; ஹையரில் இருத்தித் தோற்பதைவிட ஃபவுண்டேஷனில் 5 எடுப்பது நல்லது என்று ஆசிரியர் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் முடிவுதான் என்று தகப்பனுக்குத் தெரிய வேண்டாமா? மொக் என்ற ஒத்திகைச் சோதனை முடிந்து, மாசி மாதத்தில் பெயர் அனுப்பும் முன் போய்ப் பேசலாம் என்று தெரிய வேண்டாமா? விஞ்ஞானத்துக்கும் பிறமொழிகளுக்கும் இதே இரண்டு தட்டு உண்டு. ஆங்கிலத்துக்கு இல்லை.

அடுத்தது ரிப்போர்ட். ஆங்கிலேயருடைய மரியாதை எங்களுக்குப் பெரும் எதிரி. ஊரில் ரீச்சர் நேரே சொல்லிவிடுவா: “உங்கட மகனுக்கு எழுத்து வராது, வீட்டில இருத்தி எழுதப் பழக்குங்கோ.” இங்கே அதையே ‘வேர்க்கிங் டுவர்ட்ஸ்’ என்று எழுதுவார்கள். ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பான இயர் சிக்ஸ் முடிவில் எழுத்துக்கு ஆசிரியர் தரும் மதிப்பீட்டில் மூன்று படி: எதிர்பார்க்கும் தரத்தை நோக்கி வேலை செய்கிறார், அந்தத் தரத்தில் இருக்கிறார், அதைவிட ஆழமாகச் செய்கிறார். முதலாவதற்கு அர்த்தம், இன்னும் அந்தத் தரம் வரவில்லை. எங்கள் வீடுகளில் அதை மொழிபெயர்ப்பது யார்? அந்த ரிப்போர்ட்டுக்குரிய பிள்ளையேதான். “அம்மா, நான் வடிவா வேர்க் பண்ணுறன் எண்டு மிஸ் எழுதியிருக்கிறா.” பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. அந்தப் பெடியன் ஒரு நாள் நல்ல லோயராக வருவான்.

இயர் சிக்ஸில் எழுதும் சாட்ஸ் சோதனைப் புள்ளியும் இப்படித்தான். 80 முதல் 120 வரையான அளவுகோலில் 100 எடுத்தால் எதிர்பார்த்த தரம். நூற்றுக்கு நூறு என்று நினைத்து மாமிமாருக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்ன தாயை எனக்குத் தெரியும். பிள்ளை மோசமில்லை, ஆனால் அது ‘நூற்றுக்கு நூறு’ இல்லை.

பள்ளிக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் சொல் தெரியாமல் போனால் ஏழு வருடம் போகும். செகண்டரி பள்ளிக்கு 31 ஒக்டோபர், றிசெப்சனுக்கு 15 ஜனவரி கடைசி நாள். (றிசெப்சன் என்பது நாலு வயது முடிந்த பிள்ளைகளின் முதல் வகுப்பு. “என்ர பிள்ளையை ஏன் வாசல் மேசையில இருத்தி வைச்சிருக்கிறியள்?” என்று எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார்.) லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். ஒன்றை மட்டும் எழுதினால் கவுன்சில் வேறு வழியில்லாமல் அதையே தரும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போய்விட்டது. தராது. அந்தப் பள்ளியின் ஒழுங்குவிதிப்படி உங்கள் பிள்ளைக்கு இடம் விழவில்லையென்றால், எல்லோரும் எடுத்தபின் மிஞ்சிக் கிடக்கும் பள்ளிதான் வரும். நீங்கள் எத்தனையாவதாக எழுதினீர்கள் என்று பார்த்துப் பள்ளி பிள்ளையை எடுப்பதில்லை. ஆகவே ஆசைப்பட்ட பள்ளியை முதலில் போட்டு, கிடைக்கக்கூடியது ஒன்றையாவது கீழே போடுவதால் நட்டம் ஒன்றுமில்லை. சமயப் பள்ளி என்றால் அதற்கு மேலதிகமாக இன்னொரு படிவமும் உண்டு. மார்ச் 1 முடிவு வந்தபிறகு என்னிடம் அழுதுகொண்டு வருபவர்களில் பாதிப்பேர் அந்தப் படிவத்தைக் கண்டதே இல்லை.

சோதனை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிராமர் ஸ்கூலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் 163தான் மிச்சம் என்பதையும், அதில் எது எந்தப் பேருந்துப் பாதையில் என்பதையும் எங்கள் தாய்மார் நித்திரையிலும் சொல்வார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பேய் லண்டன் வரை வந்து லெவன் பிளஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்து வைத்திருக்கும் அக்கறையில் காற்பங்கு மற்றச் சொற்களுக்கும் இருந்தால் போதும் என்பேன்.

புதிதாக வந்தவர்களுக்கு பப்ளிக் ஸ்கூலை விளக்குவதும் உங்கள் பொறுப்பு. ஹரோவில் வீடு எடுத்த ஒரு குடும்பம், குன்றின் மேலிருக்கும் பள்ளியைப் பார்த்துவிட்டு, பப்ளிக் என்கிறார்கள், நடந்து போகும் தூரம்தானே என்று என்னிடம் படிவம் கேட்டது. 1868ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் வந்த ஏழு பப்ளிக் ஸ்கூல்களில் ஒன்று அது. கட்டணம் ஆண்டுக்கு 50,000 பவுண்டுக்கு மேல். எந்த ஊர்ப் பிள்ளையும் வரலாம் என்பதால் வந்த பெயர்; காசு இருந்தால் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அரசாங்கப் பள்ளிக்கு இங்கே ஸ்டேட் ஸ்கூல் என்று பெயர்.

சிலதை ஓரிரு நிமிடத்தில் முடிக்கலாம். சிக்ஸ்த் ஃபோம் என்பது ஆறாம் வகுப்பு இல்லை, ஏ லெவல் படிக்கும் இரண்டு வருடம். இன்செட் டே என்றால் ஆசிரியருக்கு மட்டும்தான் பள்ளி. மழைக்குள் பிள்ளையைக் கூட்டிவந்து பூட்டிய கேற்றடியில் நிற்க வேண்டாம். பள்ளி கவர்னர் ஆளுநர் இல்லை, பெற்றோரும் ஆகலாம், எங்கள் ஆட்கள் ஆகவும் வேண்டும். மஃப்டி டே என்றால் சீருடை இல்லாத நாள். தமிழ்ப் படங்களில் போலீஸ்காரர் மஃப்டியில் வருவாரே, அதே சொல்தான். இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் வாயில் விழுந்து இங்கே வந்தது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு வகுப்புப் பெயர், சோதனைப் பெயர் எல்லாமே வேறு. அங்கே இருக்கும் பள்ளிகள் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டு சொல்லை மட்டும் அவசரப்படாமல் பேசுங்கள். ஒன்று இலவசச் சாப்பாடு. 2023 செப்டெம்பரிலிருந்து லண்டன் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். அதனால் வருமானம் குறைந்தவர்களும் ‘சாப்பாடுதான் கிடைக்குதே’ என்று, வருமானம் குறைந்தவர்களுக்கான இலவசச் சாப்பாட்டுப் படிவத்தை நிரப்புவதில்லை. பல இடங்களில் அந்தப் படிவத்தை வைத்துத்தான் வசதி குறைந்த பிள்ளைகளுக்கான பியூப்பில் பிரீமியம் என்ற பணம் பள்ளிக்கு வருகிறது. தகுதியுள்ள ஓர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,400 பவுண்டுக்கு மேல். என்னைப் போன்ற உதவியாளர்களின் சம்பளம் அப்படியான பணத்திலிருந்தும் வருகிறது, ஆகவே இதில் எனக்குச் சொந்த லாபமும் உண்டு என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படிவம் நிரப்புவதில் வெட்கம் வேண்டாம். வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் அது தெரியவராது.

மற்றது சென். விசேட தேவை. சென்கோ சந்திக்க விரும்புகிறார் என்று கடிதம் வந்தால் வீட்டில் செத்தவீடு மாதிரி. “எங்கட பரம்பரையில அப்பிடி ஒருத்தரும் இல்லை.” சந்திப்புக்குப் போகாமல், பிள்ளையோடு தமிழில் கதைப்பதால்தான் இந்தக் குழப்பம் என்று வீட்டில் தமிழையும் நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் சனிக்கிழமை கற்பிக்கும் தமிழ் அப்படித்தான் வெள்ளிக்கிழமையே போய்விடுகிறது. சென்கோ என்பவர் உதவியை ஒழுங்குபடுத்தும் ஆசிரியர். பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டுமென்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈஎச்சிபி என்ற கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கு மதிப்பீடு கேட்கலாம். பள்ளி கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதலாம். மதிப்பிடுவதா இல்லையா என்று ஆறு கிழமைக்குள் சொல்ல வேண்டும், திட்டம் தருவதென்றால் இருபது கிழமைக்குள் தர வேண்டும். பல கவுன்சில்கள் அந்த நாட்களைத் தவறவிடுகின்றன என்பது வேறு கதை; ஆனால் நாள் எது என்று தெரிந்தால்தானே ‘நாள் கடந்துவிட்டது’ என்று எழுத முடியும். ஒரு தாய் மூன்று வருடம் மறைத்தார். மகனுக்கு எட்டு வயதில் என்னிடம் கேட்டார், அஞ்சு வயதில் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இதற்கு ஒரு சபையும் கூட்ட வேண்டாம், குத்துவிளக்கும் ஏற்ற வேண்டாம், பிரதம விருந்தினரும் வேண்டாம். 31 ஒக்டோபருக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஒரு மேசை, நாலு கதிரை. நான் வருகிறேன், என்னோடு இங்கே பள்ளிகளில் வேலை செய்யும் இன்னும் மூன்று பேரைக் கூட்டிவருகிறேன். பெற்றோரைப் போன வருட ரிப்போர்ட்டையும் வந்த கடிதங்களையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பிள்ளைகளை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே மொழிபெயர்த்து முடித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
சாப்பாட்டு மண்டபத்து மூலையில் கடிதம் வாசிக்கும் அக்கா