பருப்புச் சட்டி கொண்டுவந்தவளுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று ஊரில் முடிந்தது. அண்ணன் எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டான். நான் ஏன் போக முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும்.

இரவெல்லாம் போனில் துணையிருந்த பாஸ்டன் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஆய்வகத்தில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கும், எனக்காக வக்கீலிடம் அலைந்தவர்களுக்கும், அம்மாவை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாத சித்திக்கும் என் வணக்கம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஒருத்தியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

பாஸ்டனை ஒட்டிய சோமர்வில்லில் நான் குடியிருக்கும் மூன்றடுக்கு மரவீட்டின் மேல்தளத்தில் ஒரு யூதப் பெண் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவள் வீட்டில் பதினைந்து, இருபது இளைஞர்கள் கூடிப் பாடுவார்கள். சில நேரம் சொல்லே இல்லாத வெறும் மெட்டு. அதை நிகூன் என்பார்கள். அது என் சமையலறைக்கு இறங்கிவரும். அதுவரை எங்களுக்குள் படிக்கட்டில் நின்று பேசுகிற பழக்கம்தான்.

தகவல் வந்த அன்று கதவு தாழிடாமல் கிடந்தது. அழைப்புமணி அடிக்காமல் உள்ளே வந்தாள். கையில் மூடி போட்ட எனாமல் சட்டி. அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, சுவரோரம் தரையில் கிடந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே தெருவிளக்கு எரிந்தது, அப்போதும் பேசவில்லை. துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது அவர்கள் முறை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் "அப்பா" என்றதும், "அவர் பெயர் என்ன?" என்று கேட்டாள். இரண்டு முறை தப்பாகச் சொல்லி, மூன்றாம் முறை சரியாகச் சொன்னாள். காலையிலிருந்து போனில் "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்" என்றே கேட்டுக்கொண்டிருந்த காதில் அப்பாவின் பெயர் விழுந்தது அப்போதுதான்.

சட்டியில் மைசூர்ப் பருப்பு. சீரகம் போட்டுக் குழைய வேகவைத்தது. அடக்கம் முடிந்ததும் துக்கக்காரர் முதல் சாப்பாட்டைத் தன் வீட்டு உணவாகச் சாப்பிடக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும் என்றாள். வழக்கமாக அவித்த முட்டையும் பருப்பும். நான் முட்டை தொடமாட்டேன் என்று எப்போதோ சொன்னதை நினைவில் வைத்துப் பருப்பு மட்டும் கொண்டுவந்திருந்தாள். "பருப்புக்கு வாய் கிடையாது. துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் கிடையாது" என்றாள். ஆபிரகாம் இறந்த நாளில் யாக்கோபு தன் தகப்பன் ஈசாக்குக்காகக் காய்ச்சியதும் இந்தச் சிவப்புப் பருப்புதான் என்று அவர்களுடைய பழைய உரைகாரர்கள் சொல்கிறார்கள். எங்கள் ஊரிலும் சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். அயலார்தான் சோறு கொண்டுவருவார்கள். அந்தச் சோறு எனக்கு இங்கேயும் வந்துவிட்டது.

ஏழு நாளும் வந்தாள். அந்த ஏழு நாளுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் ஷிவா. எபிரேயத்தில் ஏழு என்று பொருளாம். சைவ வீட்டில் பிறந்த எனக்கு அந்த ஓசையே ஆறுதலாக இருந்தது.

அவளும் தகப்பனை இழந்தவள். பதின்மூன்று வயதில் ஜெப ஆலயத்தை விட்டு விலகியவள். அப்பா போனதும் கத்திஷ் சொல்ல ஆசைப்பட்டாள். பெற்றோருக்காகப் பதினொரு மாதம் சொல்லும் வேண்டுதல் அது. அரமேய மொழியில் இருக்கும் அதில் சாவு என்ற சொல்லே கிடையாது. தனியாகவும் சொல்ல முடியாது, பத்துப் பேர் கூட வேண்டும். பாட்டனார் காலத்து ஆலயத்தில் அந்தப் பத்தில் பெண்ணைச் சேர்க்கமாட்டார்கள். நண்பர்கள் அவள் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். ரபி என்கிற மதகுரு இல்லை, கட்டடம் இல்லை, முறைவைத்து ஆளுக்கொரு வாரம் நடத்துகிறார்கள். பதினொரு மாதம் முடிந்தும் கூட்டம் நிற்கவில்லை. 1968இல் இளைஞர்கள் தொடங்கிய ஹவுரத் ஷாலோம் என்ற யூத வழிபாட்டுக் குழு எங்கள் சோமர்வில்லிலேயே இருக்கிறது. "நாங்கள் அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள்" என்பாள். 2020இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் 30 வயதுக்கு உட்பட்ட அமெரிக்க யூதர்களில் 40 விழுக்காட்டினர் மதம் சாராத யூதர்கள். அவளும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவர்கள் பாட்டைக் கேட்டவர் யாரும் அந்தப் பிள்ளைகளைப் பக்தியற்றவர்கள் என்று சொல்லமாட்டார்கள்.

பெண்பிள்ளை கொள்ளி வைக்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

ஏழாம் நாள் மாலை அவர்களில் பதினோரு பேர் என் கூடத்தில் நின்றார்கள். "கத்திஷ் எங்களுடையது. உன் அப்பாவுக்கு உங்களுடையதைச் சொல்" என்றாள். அப்பா விளக்கேற்றும்போது பாடுகிற பதிகத்தைப் பாடினேன். இரண்டாம் பாட்டில் குரல் உடைந்தது. சொல் தெரியாத அவர்கள் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நான் மறுபடி சேர்ந்துகொள்ளும்வரை விடவில்லை.

இனி இந்த வட்டாரத்தில் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு ஊரிலிருந்து அப்படி ஒரு போன் வந்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நள்ளிரவானாலும் சோற்றோடு வருகிறேன். பக்கத்தில் உட்காருகிறேன், பேசமாட்டேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை நானே வாசித்துப் பொருள் சொல்லப்போகிறேன். அவளுடைய சட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதற்குள் மேலே கொண்டுபோக வேண்டும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.