வேன் வாடகையும் நள்ளிரவுக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேன் பிடித்துக் கூட்டமாகச் சுற்றுலா போவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கலர் லைட், அதிரும் ஸ்பீக்கர், சாய்ந்து படுக்கும் சீட், பாட்டுக்கேற்ப மின்னும் கூரை என்று படிக்கும்போதே கால் தாளம் போட்டது. ஆனால் நான்கு பக்கக் கட்டுரையில் டிரைவர் ஓரிடத்தில்தான் வருகிறார். அதுவும் 'கேட்ட பாட்டைப் போடுவார்' என்று.

எங்கள் தெருவில் பன்னிரண்டு வருடமாக வேன் பேசுகிற வேலை என் தலையில்தான். பணம் வசூலிப்பது, யாருக்கு ஜன்னலோரம், யாருக்கு மலையேறினால் வாந்தி வரும், புளியோதரை யார் வீட்டில் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். பேரம் பேசுவதில் எனக்குப் பெயரே உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேன் பேசிப் பழகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டூரிஸ்ட் வண்டி வாடகையில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் நள்ளிரவு 12-லிருந்து மறு நள்ளிரவு 12 வரை. வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு ஏறினால் அந்த இரண்டு மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகையும், டிரைவருக்கான ஒரு நாள் படியான பேட்டாவும் விழும். கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை ஓடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டவர்கள் என்ன செய்வோம்? 12 அடித்து ஐந்து நிமிடத்தில் ஏறுவோம், மறுநாள் 12 அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இறங்குவோம். ஒரு நாள் வாடகைக்குள் முழுசாக ஒரு நாளையும் ஒரு இரவையும் பிழிந்து எடுத்துவிடலாம். இதைத்தான் நான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழி. திண்டுக்கல்லிலிருந்து திருச்செந்தூர், அங்கிருந்து கன்னியாகுமரி, சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு அதே இரவில் வீடு. சுற்றி வந்தால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். 20 பேர் உட்காரும் வண்டியில் குழந்தைகளைக் கணக்கில் சேர்க்காமல் 20 பேர். போகும்போது ஆட்டம் அப்படி இருந்தது. எழுபது வயதுக் கோடிவீட்டு அத்தைதான் முதலில் எழுந்து ஆடினார், அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கே கூச்சம் போனது.

திரும்பும்போது கோவில்பட்டி தாண்டி ஒன்பதேகால் மணி இருக்கும். உள்ளே பாதிப்பேர் தூக்கம். நான் விழித்திருந்ததற்குக் காரணம் முட்டிவலி. திடீரென்று வலப்பக்க ஜன்னலில் சரசரவென்று ஏதோ உரசியது. நான்குவழிச் சாலையின் நடுவே வளர்த்திருக்கிறார்களே அரளிச் செடி, அது. அடுத்த நொடியில் வண்டி உதறிக்கொண்டு இடப்பக்கம் வந்தது. 'தம்பி, என்னாச்சு?' என்றேன். 'ஒண்ணுமில்லக்கா' என்றார் டிரைவர். குரலில் தூக்கம் கட்டிக்கிடந்தது. ஓரமாக நிறுத்தச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. முந்தின நாள் ஒரு கல்யாண நிச்சயத்துக்குத் திருப்பூர் போய் இரவு எட்டு மணிக்கு ஷெட்டுக்கு வந்திருக்கிறார். வண்டியைக் கழுவி, டீசல் போட்டு, பதினொன்றரைக்கு எங்கள் தெருமுனையில் நின்றிருக்கிறார். நாங்கள் திருச்செந்தூரில் வரிசையில் நின்றபோதாவது தூங்கியிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். பார்க்கிங் வெயிலில் வண்டிக்குள் எப்படித் தூங்குவது?

அன்று அந்த டீக்கடைப் பெஞ்சில் அவர் இரண்டு மணி நேரம் தூங்கினார். வீடு சேர இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. வண்டி உரிமையாளர் விதிப்படி இரண்டாம் நாள் வாடகையும் கேட்டார். நான் சண்டை போட்டேன். உயிர் தப்பி வந்த மறுநாள் காலையில், தப்பித்ததற்கு ஆன செலவைத் தரமாட்டேன் என்று சண்டை போட்டேன். என் பேரத் திறமையில் எனக்கே வெட்கம் வந்தது அன்றுதான்.

சட்டம் இல்லாமல் இருக்கவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்றது. தொலைதூர ஓட்டத்துக்கு ஒப்புதலோடு பத்து வரை போக விட்டது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றது. என் நோட்டில் இருந்த பயணத் திட்டத்தைச் சட்டத்தோடு ஒட்டிப் பார்த்தால், காலை உணவுக்கு நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே அந்தத் தம்பியின் வேலை நாள் முடிந்திருக்க வேண்டும்.

2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பிய டூரிஸ்ட் பேருந்து, முன்னால் போன கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர் உட்பட ஒன்பது பேர் போய்விட்டார்கள். வேகம் பற்றி நிறையப் பேசினார்கள். கேரளத்தில் டூரிஸ்ட் பேருந்துகளுக்கு வெள்ளை நிறத்தைக் கண்டிப்பாக்கினார்கள், லேசர் விளக்குகளையும் கூடுதல் ஸ்பீக்கர்களையும் கழற்றவைத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த வண்டி வேளாங்கண்ணிப் பயணம் ஒன்றை முடித்துவிட்டு வந்த கையோடுதான் பிள்ளைகளை ஏற்றியது என்ற செய்தி ஏனோ பின்னுக்குப் போய்விட்டது. எனக்கு இன்றுவரை உறுத்துவது அந்த ஒரு வரிதான்.

விளக்கைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். இரவில் வண்டிக்குள் கலர் லைட் எரிந்தால் அது முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். டிரைவருக்கு ரோட்டில் நிற்கிற மாடும் தெரியாது, விளக்கில்லாத டிராக்டரும் தெரியாது. பின்னால் வருகிற லாரியின் ஹாரன் பாட்டுச் சத்தத்தில் மூழ்கிப்போகும். ஆட வேண்டாம் என்று சொல்ல நான் யார், கோடிவீட்டு அத்தையே என்னை விடமாட்டார். நிறுத்திய இடத்தில் ஆடலாம், பகலில் பாட்டுக் கேட்கலாம். இருட்டிய பிறகு உள்விளக்கை அணைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

கட்டுரையில் 'தெரிந்தவர் வண்டி என்றால் மலிவாக முடியும்' என்று ஒரு வரி இருந்தது. தெரிந்தவர் வண்டி என்றால் பெரும்பாலும் ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டி, வெள்ளை நம்பர் பிளேட். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பிளேட் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த இன்சூரன்ஸை நம்பி வாடகைக்கு ஏறினால், ஏதாவது ஆனபின் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். அந்த வரியை நீங்கள் வெட்டியிருக்கலாம்.

இப்போது நாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்று கேட்டால், முதல் கேள்வி வாடகை இல்லை, 'முந்தின நாள் இந்த டிரைவருக்கு எங்கே ஓட்டம்?' என்பது. சில உரிமையாளர்கள் சிரிக்கிறார்கள். ஒருவர், 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, பசங்க பழகினவங்க' என்றார். அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். அறுநூறு கிலோமீட்டர் என்றால் ஓர் இரவு தங்கல் அல்லது இரண்டாவது டிரைவர். கிளம்புவது விடியற்காலை நான்கரைக்கு. கூடுதலாக ஒரு நாள் வாடகை, பேட்டா எல்லாம் சேர்த்துப் போன பயணத்தில் 4,600 ரூபாய் அதிகமானது. 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 230. கன்னியாகுமரியில் சங்கு மாலைக்கும் பாசிமணிக்கும் ஆளுக்கு அதைவிட அதிகம் செலவழித்தவர்கள்தான் நாங்கள்.

தங்கல் என்றதும் இன்னொரு சிக்கல் வருகிறது. நமக்கு அறை போட்டுவிடுகிறோம், டிரைவர் எங்கே படுப்பார்? பல லாட்ஜ்களில் 'வண்டியிலேயே படுத்துக்குவாங்கம்மா' என்கிறார்கள். ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. ஆனாலும் கேட்டால்தான் கிடைக்கிறது, சில இடங்களில் கேட்டாலும் கிடைப்பதில்லை. சென்ற தை மாதம் ராமேஸ்வரத்தில் மூன்று லாட்ஜ் ஏறி இறங்கி, நான்காவதில்தான் மாடிப்படி பக்கத்தில் ஃபேன் உள்ள ஒரு சின்ன அறை கிடைத்தது. சாவியைக் கொடுத்தபோது அந்த டிரைவர், 'யாருக்குக்கா?' என்று கேட்டார்.

உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் என்பதைக் கடிகாரத்தின் 12-லிருந்து எண்ணாமல், வண்டி ஏறிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று எண்ணுங்கள். நடுராத்திரியில் கிளம்பவேண்டிய அவசியம் பாதிப்பேருக்கு அதோடு போய்விடும். உங்களுக்கும் நஷ்டம் அதிகம் வராது. ஓரிரண்டு பேர் இப்படி எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், எங்கள் தெரு இப்போது அவர்களிடம்தான் போகிறது.

உங்கள் இதழுக்கும் ஒன்று. அடுத்த முறை 'ஒரே நாளில் மூன்று ஊர்' என்று திட்டம் போட்டுத் தரும்போது, எத்தனை மணிக்கு எந்தக் கோயில் என்று எழுதுகிற அதே பட்டியலில் டிரைவர் தூங்கும் நேரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்துக்கு இடமில்லாத திட்டமென்றால், மூன்று ஊரில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்