நிலா வரைக்கும் போகிற காற்று

அன்பு மக்களே,

சுகம்தானே? இங்கே அம்மாவும் நானும் சுகம். ஆனிக் காற்று விடாமல் அடிக்கிறது. பின்வாசலில் குலை தள்ளின மட்டி வாழைக்கு நேற்றுத்தான் முட்டு கொடுத்தேன்.

உனக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது சித்ரா பௌர்ணமிக்கு உன்னைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனேனே, நினைவிருக்கிறதா? மேற்கே சூரியன் கடலில் இறங்க, கிழக்கே நிலா ஏறியது. என் தோளில் உட்கார்ந்து, சுண்டல் பொட்டலத்தை நசுக்கிப் பிடித்தபடி, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாய். "நம்ம காற்று நிலா வரைக்கும் போகுமாப்பா?" என்றாய். "போகாது மக்களே" என்று முடித்துவிட்டேன். அறிவியல் வாத்தியார் சொன்னதாயிற்றே, நீயும் நம்பிவிட்டாய்.

போகிறது மக்களே.

சூரியனிலிருந்தும் ஒரு காற்று, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களின் ஓட்டம், வீசுகிறது, வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அம்மாவின் முந்தானை பின்னால் நீண்டு படபடக்குமே, அதுபோலப் பூமியின் காந்தப்புலத்தை அது பின்பக்கம் இழுத்து, நிலாவையும் தாண்டி வாலாக நீட்டிவிடுகிறது. மேல்வளியில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு எலெக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் அணு, மின்னூட்டம் பெற்று அயனியாகிவிடும். அப்புறம் அதற்குக் காந்தக் கோடுதான் பாதை. துருவங்களின் பக்கம் மேலேறி வாலுக்குள் போய்ச் சேரும்.

2007-ல் ஜப்பான் அனுப்பிய ககுயா விண்கலம் நிலாவைச் சுற்றி எடுத்த அளவுகளைப் பார்த்து, 2017-ல் விஞ்ஞானிகள் இதைச் சொன்னார்கள். பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் ஐந்து நாள்போல நிலா அந்த வாலுக்குள் இருக்கும். அப்போது பூமியின் ஆக்சிஜன் அதன் மண்ணில் போய் விழுகிறது. நாம் கடற்கரையில் நின்றதும் அப்படி ஒரு சாயங்காலம்தான்!

"காற்று தீர்ந்துபோகாதா?" என்று அம்மா பயந்தாள். நாளொன்றுக்குச் சுமார் 90 டன் போகிறதாம். இருப்பதோ 50 கோடி கோடி டன். பயமில்லை. செவ்வாயின் கதைதான் பாவம். சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதன் காந்தப்புலம் அணைந்துவிட்டது. மிச்சமிருக்கும் மெல்லிய காற்றும் வினாடிக்கு 100 கிராம்போலக் கசிகிறது என்று மேவன் விண்கலம் கண்டது.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

ஓணத்துக்கு வருவாய் அல்லவா? குலை அதற்குள் முற்றிவிடும்.

அன்புடன்,
அப்பா