கடைக்காலில் கிடைக்கும் தாழிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த தாழி கிடைத்தது, கல்மணி கிடைத்தது என்று நம் கொங்குப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. விஷயம் வெளியே தெரிவதற்குள் பொக்லைன் அதை நொறுக்கி, மண்ணோடு சேர்த்து லாரியில் ஏற்றியாயிற்று. நிலத்துக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கி, நாள் பார்த்து வேலை தொடங்கியவர் 'சொன்னா வேலையை நிறுத்திப்போடுவாங்க, இடமே போயிரும்' என்று பயப்படத்தான் செய்வார்.

ஆனால் இழப்பு பெரிது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலையும், கல்மணி செய்த பட்டறையும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் கிடைத்தன. சங்க நூலான பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன பழைய பாதையில் இருந்த ஊர் அது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன, காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் பெரில் என்ற பச்சைக்கல் தோண்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் இடையிலுள்ள ஊர்களின் மண்ணுக்கடியில் ஒன்றுமே இருக்காதா?

பானை ஓடு மட்டும் எடுத்து வீட்டு அலமாரியில் வைத்தாலும் பயனில்லை. எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது, கூடக் கரி இருந்ததா என்பதெல்லாம் தெரிய வேண்டும். அந்தக் கரியை வைத்துத்தான் பெரும்பாலும் காலத்தைக் கணிக்கிறார்கள்.

மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது, மறைத்தால் தண்டனையும் உண்டு. அதே சட்டத்தில் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு இருப்பதை யாரும் சொல்வதில்லை. பத்திரிகைகளும் 'புதையல்' என்று தலைப்புப் போடுகின்றன, அன்றைக்கு ராத்திரியே நாலு பேர் கடப்பாரையோடு வந்துவிடுகிறார்கள்.

தகவல் சொன்னால் சில நாளுக்குள் தொல்லியல் துறை ஆள் வந்து அளந்து, படம் எடுத்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர விட வேண்டும். அதற்கு எத்தனை நாள் கெடு என்று அரசு எழுத்தில் அறிவித்து, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். யாரிடம் சொல்வது என்ற விவரத்தை உங்கள் பத்திரிகையும் ஒரு கட்டம் போட்டு வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காங்கேயம் வட்டம்